எபிசோட் போயாச்சு, ஃபாரம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு வரும் எழுத்து வேலைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி கேள்வி, பாதி புலம்பல். தயாரிப்பு நிர்வாகத்தில் பல வருடம் இருந்தவன் என்பதால் புலம்பலும் புரிகிறது, ஆனாலும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: எங்கள் ஆறு பகுதித் தொடர் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சேனலிலிருந்து மின்னஞ்சல், அதில் பதினொரு இணைப்பு, ஒவ்வொன்றும் ஒரு ஃபாரம். இதெல்லாம் வந்தால்தான் கடைசித் தவணை என்கிறார்கள். முடிந்த படத்தின் மாஸ்டர் கோப்பைக் கொடுத்தாயிற்று, அவர்களும் போட்டுவிட்டார்கள். இன்னும் என்னதான் வேண்டுமாம்?
– முதல் தொடரை முடித்த தயாரிப்பாளர்

ப: ஒப்பந்தத்தின் கடைசியில் 'டெலிவரி' என்று ஒரு பின்னிணைப்பு இருக்கும், கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காத பக்கம். அதை எடுத்துப் பாருங்கள். மாஸ்டர் கோப்பு அதில் ஒரு வரிதான். மற்ற வரிகளைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

சேனல் பக்கத்திலிருந்து யோசித்தால் விஷயம் எளிது. அவர்கள் கையில் இருப்பது படம். அந்தப் படத்துக்குள் யார் யாருக்குப் பணம் போக வேண்டும், எந்தக் காட்சிக்கு எத்தனை வருட அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், பேட்டி கொடுத்தவர் எதற்குச் சம்மதித்தார் என்பதையெல்லாம் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வருடம் கழித்து மறுஒளிபரப்பு செய்ய நினைப்பார்கள், அல்லது இன்னொரு நாட்டுக்கு விற்க நினைப்பார்கள். அன்றைக்கு உங்கள் நிறுவனம் இருக்குமா, உங்கள் எடிட்டர் எந்த ஊரில் இருப்பார், யாருக்குத் தெரியும்? அதனால் இன்றைக்கே எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

பதினொன்று என்று எண்ணிப் பயப்பட வேண்டாம், பல ஃபாரம்கள் ஒரே தகவலைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கும். அடிப்படை இவ்வளவுதான்: முடிந்த நிலையில் நிகழ்ச்சியில் என்ன இருக்கிறது, யாரெல்லாம் பங்கெடுத்தார்கள் என்ற நிறைவு அறிக்கை (பிரிட்டனில் இதை 'புரோகிராம் ஆஸ் கம்ப்ளீட்டட்' என்பார்கள், நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மறுஒளிபரப்புப் பணம் கணக்கிட இதைத்தான் எடுப்பார்கள்), இசைக்கு கியூ ஷீட் (நிகழ்ச்சியில் வரும் ஒவ்வொரு இசையின் விவரப் பட்டியல்), வெளியிலிருந்து வாங்கிய காட்சிகள், புகைப்படங்களின் பட்டியல், படத்தில் உண்மையில் பேசப்பட்டதை டைம்கோடுடன் (எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்ற குறிப்பு) எழுதிய ஸ்கிரிப்ட், சம்மதப் படிவங்கள், கடைசிச் செலவுக் கணக்கு. மற்றவை இவற்றின் பேரன் பேத்திகள்.

கடைசித் தவணையை நிறுத்தி வைப்பது கொடுமைதான். ஆனால் அந்தப் பிடி இல்லாவிட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.

கே: ஒரு பழைய பாட்டு எங்கள் நிகழ்ச்சியில் வெறும் 12 நொடிதான் வருகிறது, அதுவும் பேச்சுக்குப் பின்னால் மெதுவாக. 30 நொடிக்குக் கீழே இருந்தால் கணக்கில்லை என்று எங்கள் இயக்குநர் சொல்கிறார். கியூ ஷீட்டில் எழுத வேண்டுமா?
– உதவித் தயாரிப்பாளர்

ப: எழுத வேண்டும். 12 நொடி என்றாலும், 3 நொடி என்றாலும். இந்த '30 நொடி இலவசம்' என்ற கதை எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, எந்த எடிட் அறைக்குப் போனாலும் யாராவது ஒருவர் சத்தியம் செய்து சொல்வார். அப்படி ஒரு பொது விதி கிடையாது. இயக்குநருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டைப் பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கிறாரா என்பதையும் கேட்டு வையுங்கள். கியூ ஷீட்டில் எழுதினாலே அனுமதி வந்துவிடாது. அது தனி வேலை, ஒளிபரப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

சரி, கியூ ஷீட் எதற்கு? பெரும்பாலான சேனல்கள் இசை உரிமைச் சங்கங்களுக்கு மொத்தமாக ஒரு கட்டணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தை எந்த இசையமைப்பாளருக்கு, எந்தப் பாடலாசிரியருக்கு, எந்தப் பதிப்பாளருக்கு (பாட்டின் உரிமையை நிர்வகிப்பவர்) எவ்வளவு என்று சங்கம் பிரித்தாக வேண்டும். சேனல் எந்த நிகழ்ச்சியை எந்த நாளில் எத்தனை முறை போட்டது என்பது ஒளிபரப்புப் பதிவிலிருந்து தெரியும். அந்த நிகழ்ச்சிக்குள் என்ன இசை இருந்தது என்பது நீங்கள் அனுப்பும் தாளிலிருந்து மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதாவிட்டால் அந்த 12 நொடிக்கான பணம் உரியவருக்குப் போகாது. சில காலம் சங்கத்தில் உறங்கும், அப்புறம் வேறு யாருக்கோ பங்காகிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. 1847-இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் இரண்டு இசையமைப்பாள நண்பர்களோடு ஒரு விடுதியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வாசித்துக்கொண்டிருந்தது அவர்களுடைய பாட்டு. பில் வந்தது. 'எங்கள் பாட்டுக்கு நீ காசு கொடுக்கவில்லை, உன் பானத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்' என்று எழுந்துவிட்டார்கள். வழக்கு நடந்தது, அவர்கள் பக்கம் தீர்ப்பானது, 1851-இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. உங்கள் கியூ ஷீட் அந்த பில்லின் எள்ளுப்பேரன்.

ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை: இசையின் சரியான தலைப்பு, இசையமைத்தவர், எழுதியவர், பதிப்பாளர், அவரவர் பங்கு சதவீதம், எந்தச் சங்கத்தில் உறுப்பினர், எத்தனை நொடி, எப்படிப் பயன்பட்டது. கடைசி விவரத்தை அலட்சியமாக விடாதீர்கள். திரையில் ஒருவர் பாடுவது வேறு, பின்னணியில் ஒலிப்பது வேறு, தலைப்பு இசை வேறு. சில சங்கங்களில் இவற்றுக்கு வேறு வேறு மதிப்பு. பதிவான ஒலித்தட்டைப் பயன்படுத்தியிருந்தால் பாடியவர், வெளியிட்ட நிறுவனம், கிடைத்தால் ஐஎஸ்ஆர்சி எண். பலர் இதையும் ஐஎஸ்டபிள்யூசி எண்ணையும் குழப்பிக்கொள்கிறார்கள். பாட்டு என்ற படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி, அதன் ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு 12 எழுத்து-எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி. ஒரே பாட்டை ஐந்து பேர் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்திருந்தால் ஐஎஸ்டபிள்யூசி ஒன்று, ஐஎஸ்ஆர்சி ஐந்து.

அப்புறம், காட்சியில் பின்னால் ஒரு வானொலி ஓடிக்கொண்டிருந்தது, அலைபேசி ரிங்டோன் அடித்தது என்றால் அதுவும் இசைதான். 'நாங்கள் போடவில்லை, அங்கே இருந்தது' என்ற பதில் செல்லாது.

கே: எடிட் மென்பொருளிலிருந்து இசைப் பட்டியலை எடுத்தால் ஒரு எபிசோடுக்கு 200 வரிக்கு மேல் வருகிறது. அப்படியே கியூ ஷீட்டில் ஒட்டி அனுப்பலாமா?
– உதவி எடிட்டர்

ப: ஐயோ, வேண்டாம். அந்தப் பட்டியல் டைம்லைனில், அதாவது மென்பொருளில் துண்டுகளை அடுக்கும் இடத்தில், என்ன கிடக்கிறது என்று சொல்கிறது, காதில் என்ன விழுகிறது என்று சொல்லாது. ஒரே இசையைப் பதினைந்து துண்டாக வெட்டியிருப்பீர்கள், பதினைந்து வரி வரும். ஒலியளவைச் சுழியத்துக்கு இறக்கிவிட்ட துண்டும் வரும். மியூட் செய்து மறந்த தடமும் வரலாம். அதைவிட ஆபத்து, கடைசி ஒலிக்கலவையில் மிக்ஸிங் என்ஜினியர் ஒரு இசையைத் தூக்கிவிட்டு வேறு போட்டிருப்பார், உங்கள் டைம்லைனுக்கு அது தெரியவே தெரியாது.

பட்டியலை எடுங்கள், தவறில்லை, ஆரம்பம் அதுதான். ஒன்றாக ஒலிக்கும் துண்டுகளைச் சேருங்கள். பிறகு ஒளிபரப்பான அதே மாஸ்டரைப் போட்டு, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை முழுசாகக் கேளுங்கள். 45 நிமிட எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். குறுக்கு வழி கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, அடுத்த தொடருக்கு: ஆயத்த இசையை விற்கும் இசைக் களஞ்சியத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு அதன் சொந்தப் பெயரை மாற்றாதீர்கள். 'சோகம்_புதுசு_2' என்று பெயர் வைப்பது அன்றைக்கு வசதி. நான்கு மாதம் கழித்து அது யாருடைய சோகம் என்று யாருக்குமே தெரியாது.

கே: நாங்கள் 'ராயல்டி ஃப்ரீ' இசைதான் வாங்கினோம். அதற்கும் எழுத வேண்டுமா?
– ஆவணப்பட இயக்குநர்

ப: பெயரே மோசமான பெயர். பெரும்பாலும் அதன் பொருள், நீங்கள் ஒரு முறை பணம் கட்டிவிட்டால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் களஞ்சியத்துக்குத் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதுதான். அந்த இசையை அமைத்தவர் ஏதாவது உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், சேனல் ஏற்கனவே கட்டிவிட்ட மொத்தக் கட்டணத்திலிருந்து அவருக்கு ஒளிபரப்புப் பங்கு உண்டு. உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. எழுதுங்கள். எந்தச் சங்கத்திலும் இல்லாதவர் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால், இந்த இடத்தில் ஏதோ இசை கேட்கிறதே, எங்கே என்று சேனல் திரும்பக் கேட்கும். உரிமப் பத்திரத்தின் நகலும் கூடவே இருக்கட்டும்.

கே: எங்கள் இசையமைப்பாளருக்கு மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டோம். 'எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே' என்று எழுதியும் வாங்கிவிட்டோம். கியூ ஷீட்டில் எங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் போதுமா?
– தயாரிப்பு நிறுவன நிர்வாகி

ப: போதாது. இசையமைத்தவர் என்ற கட்டத்தில் இசையமைத்தவர்தான் வர வேண்டும். பதிப்பாளர் கட்டத்தில் உங்கள் நிறுவனம் வரலாம், ஒப்பந்தம் அப்படிச் சொன்னால். பல நாடுகளில் எழுதியவரின் ஒளிபரப்புப் பங்கை முழுசாக எழுதி வாங்கவே முடியாது. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, படத்தில் இடம்பெறும் பாட்டுக்கும் இசைக்கும் உரிய ராயல்டியில் தங்கள் சம பங்கைப் படைத்தவர்கள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடுவது மட்டும் விலக்கு. அதனால் நீங்கள் வாங்கிய அந்த ஒற்றை வரியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இந்த விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு பயணத் தொடர். குழு கலைந்துவிட்டது, கியூ ஷீட் என் தலையில். ஒளிபரப்பாகி நான்கு மாதம் கழித்து உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினேன். இளம் இசையமைப்பாளர் ஒருவர் செய்த இசையை, களஞ்சிய இசை என்று நினைத்து வேறு பெயரில் போட்டுவிட்டேன். தொடர் பல முறை மறுஒளிபரப்பானது. இரண்டு வருடம் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார், 'அண்ணே, என் பேரே எங்கேயும் வரலையே' என்று மெதுவாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. திருத்திய கியூ ஷீட் அனுப்பினோம், சங்கம் ஏற்றுக்கொண்டது, கொஞ்சம் பணம் வந்தது. ஏற்கனவே பிரித்துக் கொடுத்தது போனதுதான்.

கே: ஒரு காட்சிக் காப்பகத்திலிருந்து 40 நொடி வாங்கினோம், கடைசி எடிட்டில் 22 நொடிதான் இருக்கிறது. எதை எழுத வேண்டும்?
– ஆய்வாளர்

ப: படத்தில் இருக்கும் 22-ஐ, டைம்கோடு போட்டு. ஆனால் பணம் 22 நொடிக்குத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பல காப்பகங்கள் ஒரு துண்டுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கும். நொடியைவிட முக்கியம் அனுமதியின் எல்லை: எத்தனை வருடம், எந்தெந்த நாடு, தொலைக்காட்சி மட்டுமா இணையமும் சேர்த்தா, எத்தனை முறை. இதைப் பட்டியலிலேயே எழுதுங்கள். ஐந்து வருட உரிமை முடிந்த ஒரே ஒரு துண்டால் ஒரு முழு எபிசோடு அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கே: இடம் இல்லை, படமெடுத்த மூலக் காட்சிகளை எப்போது அழிக்கலாம்?
– எடிட் கூட மேற்பார்வையாளர்

ப: முதலில், அழிக்கும் உரிமை உங்களுடையதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் மூலக் காட்சியும் சேனலின் சொத்து.

அடுத்தது புகார். ஒளிபரப்பானதன் பதிவைச் சேனல் வைத்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உரிம நிபந்தனை. பிரிட்டனில் தொலைக்காட்சிக்கு 60 நாள், இந்தியாவில் 90 நாள். ஆனால் அந்தப் பதிவில் இருப்பது திரையில் வந்தது மட்டும். 'நான் சொன்னதை வெட்டித் திரித்துவிட்டார்கள்' என்று பேட்டி கொடுத்தவர் எழுதினால், அவர் முழுசாக என்ன சொன்னார் என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் மூலக் காட்சிதான் சாட்சி. பிரிட்டனில் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமுக்குப் பார்வையாளர் புகார் அனுப்ப ஒளிபரப்பிலிருந்து 20 வேலை நாள் அவகாசம், நீதிமன்ற வழக்குக்கோ அதைவிட நீண்ட காலம். அதனால் என் பழக்கம் இது: பேட்டிகளின் மூலக் காட்சியும், உண்மை சரிபார்த்த குறிப்புகளும், எதிர்த் தரப்புக்குப் பதில் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களும் ஒரு பிரதி தனியாக. மலையும் மேகமும் போகட்டும். புகார் வந்துவிட்டால், அன்றிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், ஒரு வாட்ஸாப் செய்தியைக்கூட.

கே: சம்மதப் படிவங்களைப் புகைப்படம் எடுத்துக் குழுவின் வாட்ஸாப்பில் போட்டுவிட்டோம். போதுமல்லவா?
– தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர்

ப: போதாது, கூடவும் கூடாது. அந்தத் தாளில் ஒருவருடைய முகவரி இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது, குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து இருக்கிறது. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, மற்ற நாடுகளிலும் இப்படிச் சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அனுமதி உள்ளவர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்புறையில், எபிசோடு வாரியாக, நபரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் தோன்றும் டைம்கோடும் போட்டு வையுங்கள். அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும். சிரிக்காதீர்கள். கூட்டத்தில் நின்று பேசிய பன்னிரண்டு பேரில் எந்தப் படிவம் யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்க அந்தச் சட்டைதான் உதவும்.

கே: பிரிட்டிஷ் சேனல் ஒன்றுக்குச் செய்தோம். குழுவில் இருப்பவர்களின் பின்புலம் பற்றி ஒரு படிவம், கார்பன் கணக்குக்கு ஒன்று. இது எங்கள் வேலையா?
– கூட்டுத் தயாரிப்பாளர்

ப: ஒப்பந்தத்தில் இருந்தால் உங்கள் வேலைதான். முதலாவது 'டயமண்ட்' என்ற ஏற்பாடு, 2016-இல் தொடங்கியது. நீங்கள் செய்ய வேண்டியது பங்கெடுத்தவர்களுக்கு அழைப்புப் போகும்படி விவரம் கொடுப்பது. தங்களைப் பற்றிய பதிலை அவரவரே நிரப்புவார்கள். அவர்களுக்காக நீங்கள் ஊகித்து நிரப்பாதீர்கள். இரண்டாவது 'ஆல்பர்ட்', பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சி அகாதமியான பாஃப்டா நடத்துவது. பயணம், மின்சாரம், ஜெனரேட்டர் எரிபொருள் எல்லாவற்றையும் கேட்கும். ரசீதுகளில் ரூபாயும் பவுண்டும் மட்டும் இருக்கும், லிட்டரும் கிலோமீட்டரும் இருக்காது, அங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள். படப்பிடிப்பின்போதே ஓட்டுநரிடம் குறிக்கச் சொல்லுங்கள்.

கே: மறுஒளிபரப்புக்கு ஒரு காட்சியை நீக்கி, ஒரு முகத்தை மங்கலாக்கிக் கொடுத்தோம். பழைய தாள்களே போதுமா?
– எடிட்டர்

ப: முகம் மங்கலானது இசையைத் தொடாது, ஆனால் நிறைவு அறிக்கையில் குறிப்பு வேண்டும், ஏன் மங்கலாக்கினீர்கள் என்பதோடு. காட்சி நீங்கியதால் இசையின் நொடிகள் மாறியிருந்தால் புதிய கியூ ஷீட், புதிய பதிப்பு எண். அதைவிட அவசரம், மங்கலாக்காத பழைய மாஸ்டர் சேனல் சர்வரில் இன்னும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இருந்தால் ஒரு நாள் அதுதான் ஓடும்.

கே: இதற்கெல்லாம் தனி ஆள் போட பட்ஜெட்டில் இடமில்லையே?
– பல பேர்

ப: தனி ஆள் வேண்டாம். ஒருங்கிணைப்பாளரின் ஒப்பந்தம் ஒளிபரப்பு நாளோடு முடிகிறதல்லவா, அதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். பட்ஜெட் எழுதும்போதே அந்த இரண்டு வாரத்தை எழுதுங்கள். பிறகு சேர்க்கப் போனால் யாரும் தர மாட்டார்கள். கியூ ஷீட்டை எபிசோடு மிக்ஸிங் முடிந்த மறுநாளே போடச் சொல்லுங்கள், ஆறு எபிசோடும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேர்வுக்கு முந்தின இரவு படிக்கிற பையன் மாதிரி கடைசி நேரத்தில், பயிற்சிக்கு வந்த பிள்ளையிடம் மொத்தத்தையும் தள்ளிவிடுவதும் வேண்டாம், படப்பிடிப்புத் தளத்தில் இல்லாதவருக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது.

செலவுக் கணக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மதிப்பீட்டு வரி எண்களையே வைத்துக்கொள்ளுங்கள், கூடியதற்கும் குறைந்ததற்கும் ஒரு வரி காரணம் எழுதுங்கள், 'இதர செலவு' என்ற வரியை முடிந்தவரை மெலிய வையுங்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

அனுப்பிய எல்லாவற்றிலும் ஒரு பிரதியை, அனுப்பிய தேதியுடன், உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சேனலில் ஆள் மாறுவார், புதியவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்.